எட்டாம் நாள் துணி

ஆலைக் குடியிருப்பு, வோல்டா ஆற்றங்கரை
9 ஜனவரி 2006

அன்புள்ள எஸினாம் அக்கா,

நன்றாகத் தூங்கினாயா? அத்தான் தூங்கினாரா? எலிகெம் தூங்கினானா? இங்கே நாங்கள் தூங்கினோம். அம்மாவின் முழங்கால் மட்டும் தூங்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் 4117-ஐத் திருடிவிட்டார்கள். வலையும் மீன்களும் போட்ட என் அச்சுத் துணி. ஆலை அதைப் பதிவு செய்து, சான்றிதழ் வாங்கி, ஆகஸ்டில்தான் கடைகளுக்கு அனுப்பியது. டிசம்பரில் அக்ரா சந்தையில் அதே வலை, அதே மீன்கள், பாதி விலை. துணியின் ஓரத்தில் எங்கள் ஆலையின் பெயரைக்கூட அச்சடித்திருக்கிறார்கள். சீனாவில் அச்சாகி, உங்கள் லோமே துறைமுகத்தில் இறங்கி, எல்லை தாண்டி வருகிறதாம்.

போன வியாழக்கிழமை நகல் துணி பிடிக்கும் சோதனைப் படை சந்தைக்குப் போனது. வரைந்தவள் என்பதால் அடையாளம் காட்ட என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். சந்தை முனையில் இரும்புக் கதவு போட்ட ஒரு கிடங்கு இருக்கிறது. சரக்கு அங்கிருந்துதான் வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். படை அதைத் தாண்டி நடந்தது. தலையில் துணி சுமந்து விற்கும் பெண்களைப் பிடித்தது. என்னைவிட இளையவள் ஒருத்தியின் சுமையை இழுத்து லாரியில் எறிந்தார்கள். அவள் என்னிடம் வந்தாள்.

“நீதான் வரைஞ்சவளா?”

“ஆமா.”

“நல்லா வரைஞ்சிருக்க. மோசமா வரைஞ்சிருந்தா நான் இத வாங்கியே இருக்க மாட்டேன். இப்ப உனக்கு சந்தோஷமா?”

‘அந்தக் கிடங்கை ஏன் விட்டீங்க?’ என்று அதிகாரியிடம் கேட்டேன். ‘அதுக்கு வேற உத்தரவு வேணும்மா’ என்றார். சட்டம் என் பக்கம் இருக்கிறதாம். அன்றைக்கு அது தெருவில் நடந்தவளைத்தான் பிடித்தது.

பெட்டி பெட்டியாக இறக்குகிறவன் யார்? லோமே சந்தையில் உனக்குத் தெரியாத ஆள் கிடையாது. பெயரை மட்டும் எழுது. தொலைபேசி வேண்டாம், உன் கடையில் பத்துக் காதுகள் இருக்கும். ஓட்டுநர் ஃபோலியிடமே பதிலைக் கொடு.

அம்மா உன் பெயர் சொல்லி வாழ்த்துகிறார்.

உன் தங்கை
செலாசி


லோமே, பெரிய சந்தை
21 ஜனவரி 2006

அன்புத் தங்கை செலாசிக்கு,

தூங்கினோம். அத்தானும் தூங்கினார், குறட்டையோடு. எலிகெமுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை, வாய் மட்டும் இருபது வயதுக்காரனுடையது. நேற்று என் மாமியாரிடம், ‘நீ போ, கடைய நான் பாத்துக்கறேன்’ என்றான். ஒன்பது வருஷம் என்னை மலடி என்று சொன்ன அதே வாயால் அவர், ‘சரிங்க முதலாளி’ என்றார்.

உன் துணிக்கு ஆலையில் 4117 என்று பெயர். இங்கே அந்த எண்ணைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இங்கே அதன் பெயர் ‘மாமியாரே, பாருங்கள்’. உனக்கு நினைவிருக்கும். எட்டாம் நாள் குழந்தையை முதன்முதலாக வெளியே எடுத்து வந்தபோது, நீ கொண்டுவந்த அந்த ஆறு கெஜத்தைத்தான் கட்டியிருந்தேன். ‘நல்ல துணியா இருக்கே, இதுக்கு என்ன பேரு?’ என்று அத்தை கேட்டார். வாயில் வந்ததை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். முற்றமே சிரித்தது. அத்தையும் சிரித்தார், வேறு வழியில்லாமல். பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் இல்லாத துணியை இந்தச் சந்தையில் எவளும் தொடமாட்டாள்.

யார் எதை இறக்குகிறார் என்று இங்கே கேட்கிறவளுக்கு மறுநாள் உட்கார ஸ்டூல் இருக்காது. ஆலை பெரிய மனிதர்களுடையது. அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீ வரை, அது போதும்.

அம்மாவின் முழங்காலுக்கு ஷியா வெண்ணெய் அனுப்பியிருக்கிறேன். சூடாக்கித் தேய். உடம்பைப் பார்த்துக்கொள்.

எஸினாம்


ஆலைக் குடியிருப்பு
6 பிப்ரவரி 2006

அன்புள்ள அக்கா,

எல்லாரும் சுகமா? எலிகெம் முதலாளியின் வியாபாரம் எப்படி? ஷியா வெண்ணெய் கிடைத்தது. அம்மா இப்போது வாசல்வரை நடக்கிறார்.

பெயர் நீ சொல்லாமலே கிடைத்துவிட்டது. சுங்கக் காகிதங்களில் இருந்தது. லோசு. உங்கள் சந்தையில் பாதிக் கடைகளுக்குத் துணி மூட்டை போடுகிறவர். ஆலை அவர்மேல் அக்ரா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறது. வக்கீல் திருமதி டோக்பே, நம் ஊர்ப்பக்கத்துப் பெண்மணி, கூர்மையானவர்.

இது பெரிய மனிதர்களின் விவகாரம் என்று எழுதியிருந்தாய். அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் இந்த நகல் நிற்காவிட்டால் இரண்டாம் ஷிப்ட் மூடப்படும். அறுபத்திரண்டு பேர். வரையும் பிரிவும் அதோடு போகும். அதில் நான் இருக்கிறேன். அம்மாவின் மாத்திரை இருக்கிறது.

இன்னொன்று. பிடித்து வந்த நகலை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் ஒரு மீனுக்குக் கண் இல்லை. முதலில் மாதிரிக்கு அச்சடித்தபோது அச்சுத் திரையில் சாயம் அடைத்துக்கொண்டு அந்தக் கண் விழாமல் போனது. விற்பனைக்குப் போனதில் திருத்திவிட்டேன். கண் இல்லாத மீனோடு மொத்தம் இருபது கெஜம்தான் அச்சானது. பதினான்கு கெஜம் ஆலை அலமாரியில் பூட்டியிருக்கிறது. போய் அளந்து பார்த்துவிட்டேன். மீதி ஆறு, எல்லாரும் வீட்டுச் சடங்குக்கு எடுப்பதுபோல நான் எடுத்து உனக்குக் கொண்டுவந்தது.

அந்தத் துணியை ஃபோலியிடம் கொடுத்தனுப்பு. வேறொன்றும் கேட்கவில்லை.

செலாசி


லோமே
12 மார்ச் 2006

அன்புள்ள செலாசி,

நலமா? அம்மா நலமா? எலிகெமுக்கு மலேரியா வந்து போனது. அதனால்தான் எழுதவில்லை. இப்போது கஞ்சி குடிக்கிறான், என்னைத் திட்டுகிறான்.

அந்தத் துணி நாத்தனாரிடம் இருந்தது. பிறகு தையற்காரனிடம் போனது. பனை எண்ணெய் கொட்டிக் கறையாகிவிட்டது. உனக்கு உபயோகப்படாது.

ஆலைத் துணியை வெளியே எடுத்தது நீ என்று தெரிந்தால் உன் வேலை போகும். அதை ஏன் கிளறுகிறாய்? கடையில் ஆட்கள் நிற்கிறார்கள். சுருக்கமாக முடிக்கிறேன்.

எஸினாம்


ஆலைக் குடியிருப்பு
20 மார்ச் 2006

அன்புள்ள அக்கா,

எலிகெம் தேறியதில் எங்களுக்கு நிம்மதி. அம்மா ஆற்றங்கரைத் தேவாலயத்தில் அவனுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினார்.

போன செவ்வாய்க்கிழமை லோசுவின் வக்கீல் நீதிமன்றத்தில் ஒரு புகைப்படத்தைக் கொடுத்தார். நீ என் துணியைக் கட்டி, எட்டு நாள் குழந்தையோடு நிற்கிறாய். பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி: 27 மார்ச் 2004. ஆலை வடிவத்தைப் பதிவுக்குக் கொடுத்தது 30 மே 2005. கட்டணம் மிச்சமாகட்டும் என்று மேலாளர் ஒபெங் வடிவங்களைச் சேர்த்து வைத்து, ஒரே கட்டாகக் கொடுத்தார். இடையில் பதினான்கு மாதம். ஊர் பார்த்த துணியைப் புதிது என்று பதிய முடியாது. சட்டம் கொஞ்ச மாதம் பொறுத்துக்கொள்ளுமாம். இவ்வளவு பொறுக்காதாம்.

அந்தப் படம் உன் கடைச் சுவரில் மட்டும்தான் மாட்டியிருந்தது. அது அவர் கைக்கு எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைக் கவனி.

ஒபெங் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

“கேமராவுல தேதி தப்பா இருந்துச்சுன்னு உங்க அக்கா ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். எத்தன கேமராவுல தப்பா இருக்கு.”

“இதுல தப்பா இல்ல சார்.”

“அப்ப அந்தத் துணி வெளிய எப்படிப் போச்சு? சிறகு முளைச்சுதா?”

“நான்தான் எடுத்துட்டுப் போனேன்.”

“யோசிச்சு சொல்லு செலாசி.”

“யோசிச்சுத்தான் சொல்றேன். நீங்க அந்த மார்ச்சுலயே பதிஞ்சிருந்தா, எங்க அக்கா அதைக் கட்டிக்கிட்டு ஜனாதிபதி மாளிகைக்கே போயிருக்கலாம்.”

விசாரணை முடியும்வரை சம்பளமில்லா விடுப்பு கொடுத்துவிட்டார்கள். பரவாயில்லை. பொய்யின்மேல் கட்டி எழுப்பிய வழக்கை லோசுவின் வக்கீல் ஒரே காலையில் இடித்துவிடுவார். நான் ஜெயிக்க வேண்டும் அக்கா. இடிந்துபோகும் வழக்கு எனக்கு எதற்கு?

பதில் எழுது.

செலாசி


ஆலைக் குடியிருப்பு
10 ஏப்ரல் 2006

அன்புள்ள அக்கா,

சுகமா? ஃபோலி மூன்று தடவை உன் கடைக்கு வந்தாராம். ‘நாளைக்கு வாங்க’ என்று மூன்று தடவை சொன்னாயாம். பாவம் அவர், டாக்ஸி ஓட்டுகிற மனிதர், தபால்காரர் இல்லை.

திருமதி டோக்பே வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார். பதிவு போனால் போகட்டும் என்கிறார். வரைகிறவர் வரைந்த நாளிலிருந்தே அந்த வரைபடத்துக்கு ஓர் உரிமை இருக்கிறதாம். அதற்குப் பதிவும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். என் வரைபட நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் தேதியும் பிரிவுத் தலைவரின் கையெழுத்தும் இருக்கின்றன. நவம்பர் 2003. வரைந்தது நான் என்பதை லோசுவே மறுக்க முடியாது.

ஆனால் அவர், ‘வலையும் மீனும் கடலோரத்தில் யார் வேண்டுமானாலும் வரையலாம், என் ஆள் தானாக வரைந்தான்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். என்னுடையதைப் பார்த்துத்தான் எடுத்தார் என்று நிரூபிக்க வேண்டும். கண் இல்லாத மீன் பாதி சொல்கிறது. மீதியைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். யாருடையது என்று நான் எழுதவில்லை.

விசாரணை ஜூன் 14, புதன்கிழமை.

அம்மா உன்னைக் கேட்டார். நலம் என்று சொல்லிவைத்தேன்.

செலாசி


லோமே
2 மே 2006

செலாசி,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

கறை இல்லை. துணி என் பெட்டியில் இருக்கிறது.

நீ கோபப்படு, ஆனால் முதலில் படித்து முடி. எட்டாம் நாள் முடிந்த வாரத்திலிருந்து பெண்கள் கடைக்கு வந்தார்கள். ‘மாமியாரே பாருங்கள் இருக்கா?’ ஒரே மாதத்தில் முப்பது பேர். அடுத்த நாட்டுக் கோட்டோனுவிலிருந்துகூட வந்தார்கள். ஆலை எப்போது அனுப்பும் என்று உனக்கு எழுதினேன். ‘அலமாரியில் கிடக்கிறது, கேட்டால் பார்க்கலாம் என்கிறார்கள்’ என்று எழுதினாய். ஒரு வருஷம் காத்திருந்தேன். துணி உன்னுடையது, சரி. அதை எல்லாரும் கேட்கும்படி செய்த பெயர் யாருடையது? அதற்கு உன் ஆலையில் யாராவது சான்றிதழ் கொடுத்தார்களா?

லோசுவின் ஆள் வந்து கேட்டபோது ஒரு சாண் வெட்டிக் கொடுத்தேன். முதல் மூட்டைகள் என் கடைக்குத்தான் வந்தன. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் நினைத்தேன். எழுதும்போது எலிகெமைப் பற்றி எழுதினேன்.

படத்தையும் அதே ஆள்தான் பிப்ரவரியில் கேட்டான். ‘எதுக்கு?’ என்றேன். ‘அழகா இருக்கும்மா, கடையில மாட்ட’ என்றான். நம்பினேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நான் நம்பவில்லை. கொடுத்தேன். மூட்டையை நிறுத்திவிடுவான் என்று பயந்தேன்.

நீ கேட்காமல் கேட்பது எனக்குப் புரிகிறது. நான் அந்தக் கூண்டில் ஏறினால் லோமேயில் எனக்கு ஒரு கெஜம் துணி தர ஆள் இருக்காது. இந்தக் கடை இருந்ததால்தான் அந்த ஒன்பது வருஷம் என்னை வீட்டைவிட்டு அனுப்பவில்லை. அது உனக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை.

எஸினாம்


ஆலைக் குடியிருப்பு
9 மே 2006

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலமா? இங்கே மழை தொடங்கிவிட்டது.

படித்து முடித்தேன். கோபம் இருக்கிறது. போகவில்லை, போகும் என்றும் சொல்லமாட்டேன்.

ஆனால் பெயரைப் பற்றி நீ கேட்டது நியாயம். வக்கீலிடம் போய்க் கேட்டேன். “பேர் வெச்சவங்களுக்கு ஏதாவது உண்டா?” அவர் சிரித்தார். பிறகு, “சிரிச்சிருக்கக் கூடாது. சட்டத்துல அதுக்கு ஒரு கட்டமே இல்லம்மா” என்றார். இல்லாத கட்டத்துக்காக நீ ஆலைமேல் சண்டை போட்டிருந்தால் நானும் உன்னோடு வந்திருப்பேன். நீ லோசுவிடம் போனாய்.

என்ன நடக்கும் என்று மட்டும் எழுதுகிறேன், வேறெதுவும் இல்லை. நீ வந்து உண்மையைச் சொன்னால் ஆலையின் பதிவு ரத்தாகும், ஏனென்றால் அந்தப் படம் உண்மை. ஆலைத் துணியை வெளியே எடுத்தது நான் என்பதும் நீதிமன்றக் காகிதத்தில் ஏறும். ஒபெங் என்னைத் திரும்ப எடுப்பாரா என்பது தெரியாது. உனக்கு மூட்டை வருவது நின்றுபோகும். லோசு திருடினார் என்பது மட்டும் நிலைக்கும். நீ வராவிட்டால் அவருக்கு எதுவும் ஆகாது, அறுபத்திரண்டு பேர் வீட்டுக்குப் போவார்கள், சோதனைப் படை மறுபடி தலைச்சுமைக்காரிகளைப் பிடிக்கும்.

அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தேன். பெயர் மவுஸி. இப்போது தண்ணீர்ப் பை விற்கிறாள். ‘கேஸுல ஜெயிச்சா என்ன பண்ணுவ?’ என்றாள். ‘கிடங்கு சாவிய கேப்பேன்’ என்றேன். ‘அப்ப நானும் வந்து உக்காந்து பாக்கறேன்’ என்றாள்.

ஜூன் 14, காலை ஒன்பது மணி. துணியோடு வா. அல்லது வராதே. இனி எழுதமாட்டேன்.

செலாசி


லோமே
18 ஜூன் 2006

அன்புத் தங்கை செலாசிக்கு,

தூங்கினாயா? அம்மா தூங்கினாரா? நான் நான்கு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் நலம்.

உன்னைப் பார்க்காமல் ஓடி வந்ததைப் பற்றி முதலில் எழுதவேண்டும். சாட்சிகள் உள்ளே உட்காரக்கூடாது என்று உன்னை வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். பின்கதவு வழியாக வெளியே வந்தபோது உன் முதுகு தெரிந்தது. பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தாய், சின்ன வயதில் அப்பா திட்டும்போது உட்காருவதுபோல. வந்து நின்றால் நீ என்ன சொல்வாய் என்று தெரியவில்லை. எல்லைக்குப் போகும் வேனில் ஏறிவிட்டேன். உள்ளே நடந்ததை வக்கீல் சொல்லியிருப்பார். என் வாயால் நீ கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கும் கால்பந்துப் பேச்சு. நீதிமன்றக் குமாஸ்தா காதில் ரேடியோ. மொழிபெயர்ப்பாளர் கேட்டா என்ற கடலோர ஊர்ப்பக்கத்து ஆள், நான் சொல்வதைவிட நீளமாகச் சொன்னார். திருமதி டோக்பே துணியை விரித்துக் காட்டினார்.

“இதுல ஒரு சாண் குறையுதே. எலி கடிச்சுதா?”

“இல்ல. கத்தரிக்கோல்.”

“யாரோட கத்தரிக்கோல்?”

“என்னோடது.”

“அந்தத் துண்டு எங்க போச்சு?”

“அதோ உக்காந்திருக்காரே, அவரோட ஆள் கைக்கு. அடுத்த மழைக்குள்ள அதே துணி மூட்டையா வந்துச்சு. கண்ணு இல்லாத மீனோட.”

லோசு என்னைப் பார்க்கவில்லை. தன் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வக்கீல் எழுந்தார்.

“சொந்தத் தங்கச்சி துணிய வித்தீங்க. இப்ப யாவாரம் குடுத்தவர விக்கறீங்க. உங்களுக்கு வெட்கமா இல்லையாம்மா?”

“இருக்கு. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க.”

மொழிபெயர்ப்பாளர் இதை மட்டும் சுருக்கமாகச் சொன்னார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பின்வரிசையில் தண்ணீர்ப் பைக் கூடையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் சத்தமாகச் சிரித்தாள். காவலர் அதட்டினார். உன் மவுஸியாகத்தான் இருக்க வேண்டும்.

பதிவு நிற்காது என்று நீதிபதி சொல்லிவிட்டார். ஒபெங்கின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனால் வரைந்தவளின் உரிமை பற்றிய வழக்கு தொடரும், அதுவரை அந்த இரும்புக் கதவுக் கிடங்குக்கு முத்திரை வைக்க வேண்டும் என்றார். முத்திரை வைக்கும்போது நீ போய்ப் பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

இங்கே நிலைமை இது. வியாழக்கிழமை எனக்கு மூட்டை வரவில்லை. வெள்ளிக்கிழமை பக்கத்துக் கடைக்காரி தன் ஸ்டூலை என் பக்கத்திலிருந்து திருப்பிப் போட்டுக்கொண்டாள். பதினெட்டு வருஷம் ஒரே குடையின் கீழ் உட்கார்ந்தவள். அத்தான் பேசவில்லை. மாமியார் மட்டும் சமையலறைக்கு வந்து, “ஒம்போது வருஷம் நான் பேசுனதுக்கே நீ அழல. இவளுங்களுக்கா அழப்போற?” என்றார். அவர் என்னிடம் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அதுதான்.

நேற்று கடை திறந்தேன். பழைய சரக்கை வெளியே அடுக்கினேன். அதில் லோசுவின் நகல் பதினோரு துண்டு இருந்தது. அதைத் தனியாகக் கட்டிவைத்திருக்கிறேன், நீதிமன்றத்துக்கு. இன்றும் திறந்தேன். மூன்று பேர் வாங்கினார்கள். நாளையும் திறப்பேன்.

ஜூலை நான்காம் தேதி அடுத்த விசாரணை. லோசுவின் வக்கீல் என்னை மறுபடி கூண்டில் ஏற்றிக் கேட்கப்போகிறாராம். கேட்கட்டும். மூன்றாம் தேதியே கிளம்புகிறேன். இந்தத் தடவை அக்ராவில் தங்கமாட்டேன். எல்லையிலிருந்து நேராக உன் வீட்டுக்கு வருகிறேன். கதவைத் திறப்பது உன் விருப்பம். நீ திறக்காவிட்டால் வாசலில் உட்கார்ந்திருப்பேன், காலையில் இருவரும் ஒரே வேனில் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

அம்மாவிடம் நான் வருகிறேன் என்று மட்டும் சொல். மீதியை நானே சொல்கிறேன்.

உன் அக்கா
எஸினாம்